பேயைக் காட்டாத ஒரு பேய்ப் படமும் அதன் மீதான புகார்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பழைய பேய் வீட்டுப் படங்களைப் பற்றி வாசகர்கள் எழுதிய கருத்துகளைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். அவற்றுள் ராபர்ட் வைஸ் இயக்கத்தில் 1963-இல் வெளிவந்த 'தி ஹான்டிங்' படத்தைப் பற்றிய கருத்துகளே என்னை இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டின. "பேயே வராத பேய்ப் படம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். "கதாநாயகி படம் முழுவதும் மனத்துக்குள் புலம்பிக்கொண்டே இருக்கிறாள்" என்று இன்னொருவர் சலித்துக்கொண்டிருந்தார். "அந்த ஆவிக்கு என்னதான் வேண்டும் என்று கடைசி வரை சொல்லவில்லை" என்பது மூன்றாமவரின் குறை. படத்தை ஆதரித்தவர்களோ, எல்லாம் கதாநாயகியின் மனக்கோளாறுதான் என்று விளக்கிய ஒருவரைத் தவிர, "காட்டாமலே பயமுறுத்துவதுதான் கலை" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். குறை சொன்னவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆதரித்தவர்களின் அந்த ஒற்றை வரியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் படம் எதையும் காட்டாமல் மறைத்து வைத்திருக்கிறது என்பதே தவறான கூற்று என்பது என் கருத்து. எலனார் என்ற பெண்ணைத் தொடக்கம் முதல் முடிவு வரை அது வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. நாமோ அவளை விட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் பேயைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

படத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஹில் ஹவுஸ் என்றொரு பழைய மாளிகை இருக்கிறது. அமானுஷ்ய நிகழ்வுகளை ஆராயும் மார்க்வே என்ற அறிஞர், முன்பு இத்தகைய அனுபவங்களுக்கு ஆளானவர்கள் சிலரை அங்கு வந்து தங்கும்படி அழைக்கிறார். வந்து சேர்பவர்கள் இரண்டே பெண்கள்: பத்து வயதில் தன் வீட்டின் மேல் மூன்று நாள் கல்மாரி பொழியக் கண்ட எலனார், பிறர் மனத்தில் உள்ளதை அறியும் ஆற்றல் கொண்ட தியடோரா. வீட்டு உரிமையாளரின் உறவினனும் வருங்கால வாரிசுமான லூக் நான்காமவன். ஷர்லி ஜாக்சன் 1959-இல் வெளியிட்ட நாவலை ஒட்டி நெல்சன் கிடிங் திரைக்கதை எழுதினார். ஜூலி ஹாரிஸ், கிளேர் புளூம், ரிச்சர்ட் ஜான்சன், ரஸ் டாம்ப்ளின் ஆகிய நால்வரும் முதன்மைப் பாத்திரங்களில் நடித்தார்கள். கதை அமெரிக்காவில் நடந்தாலும் படம் முழுவதும் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. கேட்ட பணத்தை அமெரிக்காவில் எம்ஜிஎம் நிறுவனம் தர முன்வராததால், அதன் பிரிட்டிஷ் கிளையின் போரம்வுட் படப்பிடிப்புத் தளத்தில், சுமார் 11 லட்சம் டாலர் செலவில் எடுத்து முடித்தார்கள்.

பேய் வரவில்லை என்ற குறை புதியதன்று. படம் வெளிவந்த காலத்திலேயே விமர்சகர்களின் வரவேற்பு கலவையாகத்தான் இருந்தது. அமெரிக்க விமர்சகர் பாலின் கேல் 1964-இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றில், இந்தப் படத்தைப் பார்க்க வந்திருந்த சொற்பக் கூட்டம் பொறுமையிழந்து அரங்கில் சலசலத்துக்கொண்டிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். படத்தை அவர் பெரிய காவியமாகக் கொண்டாடவில்லை. ஆயினும் ஒரு கதையைப் பொறுத்திருந்து பின்தொடரும் பழக்கமே பார்வையாளர்களிடம் குறைந்து வருகிறதோ என்ற கவலைக்கு இந்த அனுபவம் அவருக்கு ஒரு தொடக்கமாக அமைந்தது. அதே படத்தைத்தான் 2009-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி, மிகவும் அச்சுறுத்தும் படங்கள் என்று தாம் தேர்ந்தெடுத்த பட்டியலின் முதலிடத்தில் வைத்தார். அறுபது ஆண்டுகளாக இந்த இரண்டு கட்சிகளும் ஒரே படத்தைப் பார்த்து இரண்டு விதமாகப் பேசி வருகின்றன. தங்கள் இதழின் பக்கமும் அதற்கு விலக்கன்று.

ஆனால் ஹில் ஹவுஸில் எலனார் தங்கும் முதல் நாள் இரவில் வரும் காட்சியைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்கும்படி குறை சொன்ன வாசகரைக் கேட்டுக்கொள்கிறேன். எலனார் தன் அறையில் உறங்கிக்கொண்டிருக்கிறாள். எங்கோ தொலைவில் சுவர் தட்டப்படும் ஓசை எழுகிறது. அரைத் தூக்கத்தில் அவள், "இதோ வருகிறேன் அம்மா" என்று சொல்லிக்கொண்டு எழுகிறாள். அதற்குப் பிறகுதான் அம்மா இறந்துவிட்டாள் என்பதும், தான் இருப்பது வேறொரு வீடு என்பதும் அவளுக்கு உறைக்கிறது. பக்கத்து அறையிலிருக்கும் தியடோராவிடம் ஓடுகிறாள். ஓசை நடைவழியின் கோடியிலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டே நெருங்கி வருகிறது. பீரங்கி வெடிப்பது போன்ற பேரிடியாக வளர்கிறது. அவர்கள் அறை வாசலில் வந்து நின்றுவிடுகிறது. கேமரா கதவின் விளிம்புகளைத் தடவிக்கொண்டே போகிறது. கதவுப் பிடி மெல்லத் திரும்புகிறது. இத்தனைக்கும் திரையில் இருப்பவை இரண்டு பெண்களின் முகங்களும் ஒரு மரக் கதவும் மட்டுமே. இந்த ஓசைகளை முன்கூட்டியே பதிவு செய்து, படப்பிடிப்பின்போதே தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகைகளைக் கேட்கச் செய்தார் வைஸ் என்பதால், அந்த முகங்களில் தெரிவது உண்மையிலேயே காதால் கேட்டதன் விளைவு.

இந்தக் காட்சியில் பயம் எங்கே இருக்கிறது என்று யோசித்தால், ஓசையின் உரத்த தன்மையைக் காட்டிலும் "இதோ வருகிறேன் அம்மா" என்ற அந்தச் சிறு வாக்கியத்தில் அது கூடுதலாக இருப்பதை உணரலாம். பதினோரு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டவள் எலனார். தாய்க்கு ஏதேனும் வேண்டுமென்றால் சுவரைத் தட்டுவாள். மகள் எழுந்து போவாள். தாய் இறந்த இரவில் அவள் சுவரைத் தட்டினாள், மகள் போகவில்லை. அந்தக் குற்றவுணர்வோடு அலைபவளைத்தான் இந்த வீடு சுவரைத் தட்டி எழுப்புகிறது. இதற்கு முன்பே, படத்தின் முதல் சில நிமிடங்களில், இந்த வீட்டின் வரலாற்றை மார்க்வே சொல்லக் கேட்கிறோம். வீட்டைக் கட்டிய ஹியூ கிரெயினின் மகள் அபிகெயில், தன் குழந்தைப் பருவ அறையை விட்டு வெளியேறாமலே கிழவியாகி, உதவிக்கு ஆள் வேண்டிக் கைத்தடியால் சுவரைத் தட்டியபடியே உயிர்விடுகிறாள். துணைக்கு வைத்திருந்த பெண்ணோ அப்போது தாழ்வாரத்தில் பண்ணையாள் ஒருவனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். சொத்து அந்தத் துணைப்பெண்ணுக்கே போய்ச் சேர்கிறது. பின்னர் நூலகத்தின் சுழற்படிக்கட்டில் அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள். இந்த முன்கதையைக் கவனித்துக் கேட்டவர்களுக்கு, எலனார் அந்த வீட்டுக்குள் கால் வைக்கும்போதே வயிற்றில் ஏதோ செய்யும். அவளுடைய கதை அந்தச் சுவர்களுக்குள் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்திருக்கிறது.

படம் மந்தமாகப் போகிறது என்று சொன்னவர்கள் இந்தத் தொடக்கப் பகுதியை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வண்டி மரத்தில் மோதி வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இறந்துபோகும் முதல் மனைவி, படிக்கட்டில் விழுந்து இறக்கும் இரண்டாம் மனைவி, அபிகெயில், அந்தத் துணைப்பெண் என நான்கு பெண்களின் சாவு, படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே அடுத்தடுத்து நம் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. 112 நிமிடப் படத்தில் இதைவிட வேகமாக ஒரு முன்கதையைச் சொல்ல முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

காட்டுவது, காட்டாமல் விடுவது என்ற பேச்சுக்குத் திரும்புகிறேன். வைஸ் இந்தப் பாடத்தைப் படித்தது 1940-களில், ஆர்கேஓ நிறுவனத்தில் குறைந்த செலவில் திகில் படங்களைத் தயாரித்துவந்த வால் லூட்டனிடம். 'சிட்டிசன் கேன்' படத்தின் படத்தொகுப்பாளராக இருந்த வைஸ், இயக்குநராக முதன்முதலில் பணியாற்றியதும் 1944-இல் லூட்டனின் தயாரிப்பில்தான். பேய் வேடத்துக்குச் செலவழிக்கப் பணமில்லாத இடத்தில் நிழலையும் ஓசையையும் வைத்துச் சமாளிக்கும் கலை அங்கே வளர்ந்தது. ஆனால் 'தி ஹான்டிங்' எடுக்கும்போது வைஸ் அந்த நிலையில் இல்லை; 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' படத்துக்காக ஆஸ்கர் பெற்றுவிட்டிருந்தார்; அடுத்த இரண்டு ஆண்டுகளில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எடுக்கப் போகிறவர். பேயைக் காட்ட வசதியில்லாமல் விட்டுவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அவர் பேய்க்குப் பதிலாக வீட்டைக் காட்டத் தீர்மானித்தார். அதை எவ்வளவு பிடிவாதமாகச் செய்தார் என்பதைத்தான் 'காட்டாமலே பயமுறுத்துகிறார்கள்' என்பவர்களும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அந்த வீட்டின் வெளிப்புறம் வார்விக்‌ஷயரில் இருக்கும் எட்டிங்டன் பார்க் என்ற மாளிகை. அதன் வெளிப்புறக் காட்சிகள் சிலவற்றை அகச்சிவப்புப் படச்சுருளில் எடுத்தார்கள். அதனால் வானம் இருண்டு, கல்லின் வரிகளும் கறைகளும் எழுந்து நின்று, ஜன்னல்கள் நம்மையே பார்ப்பது போன்ற தோற்றம் கிடைத்தது. உள்ளே ஒளிப்பதிவாளர் டேவிஸ் போல்டன் பயன்படுத்திய அகலக்கோண லென்ஸின் கதை இன்னும் சுவையானது. பானாவிஷன் நிறுவனம் அப்போது உருவாக்கிக்கொண்டிருந்த 30 மில்லிமீட்டர் லென்ஸ் இன்னும் சரியாக அமையவில்லை, அதில் எடுத்தால் கோடுகள் வளைந்து தெரியும் என்று சொல்லித் தர மறுத்தார்கள். வளைய வேண்டும் என்பதுதானே வைஸின் விருப்பம்! அதன் குறையைத் தாம் அறிந்தே வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்து அவர் அதை வாங்கிப் பயன்படுத்தினார். அந்த வீட்டில் எந்த மூலையும் நேரான மூலையாக இல்லை, இந்தச் சிறு சிறு கோணல்கள் எல்லாம் சேர்ந்து மொத்த வீட்டையே கோணலாக்கிவிட்டன, கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்வதும் அதனால்தான் என்று மார்க்வே ஒரு காட்சியில் விளக்குகிறார். பாத்திரம் வாயால் சொல்லும் அந்தக் கோணலைப் பார்வையாளரின் கண்ணுக்கு லென்ஸ் தருகிறது.

கலை இயக்குநர் எலியட் ஸ்காட் அமைத்த அறைகளுக்கு மேற்கூரையும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்புத் தளத்தில் விளக்குகளைத் தொங்கவிடுவதற்காக அறைகளைப் பெரும்பாலும் கூரையில்லாமல்தான் கட்டுவார்கள். இங்கே கூரையும் இருப்பதால், கேமரா கீழிருந்து பார்க்கும்போது பாத்திரங்கள் பெட்டிக்குள் அடைபட்டவர்கள் போலத் தெரிகிறார்கள். இன்னொன்றும் உண்டு: பேய்ப் படம் என்றதும் நாம் எதிர்பார்க்கும் இருண்ட மூலைகள் இந்த அறைகளில் இல்லை. எல்லாம் நன்றாக வெளிச்சமிட்டவை. சுவர்த்தாள், சிலை, கண்ணாடி, வேலைப்பாடு மிகுந்த மரச்சாமான் எனக் கண் இளைப்பாற ஓர் அங்குல வெற்றிடமும் இல்லை. எதையோ ஒளித்து வைத்திருப்பதற்கு அங்கே இடமே கிடையாது. ஓர் இரவில் எலனார், பக்கத்தில் யாரோ ஓர் ஆண் முணுமுணுப்பதையும் ஒரு குழந்தையின் குரலையும் கேட்டபடி சுவரையே வெறித்துக்கொண்டிருக்கும்போது, சுவரின் பூவேலைப்பாட்டில் ஒரு முகம் திரண்டு வருவது போல நமக்கும் தோன்றுகிறது. அங்கே வரைந்த முகம் ஏதும் கிடையாது. வெளிச்சமும் நம் கண்ணும் சேர்ந்து செய்யும் வேலை அது. தியடோராவின் கையை இறுகப் பற்றியபடி அந்த ஓசைகளைப் பொறுத்துக்கொண்டிருந்த எலனார், விளக்கு எரிந்ததும் தியடோரா அறையின் மறுபுறத்தில் இருப்பதைக் கண்டு, அப்படியானால் தான் பற்றியிருந்தது யாருடைய கை என்று கேட்கிறாள். இந்தக் காட்சிக்குப் பிறகும் "பேய் வரவில்லை" என்று எழுதும் வாசகரின் நெஞ்சுரத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்து, எல்லாம் எலனாரின் மனக்கோளாறுதான் என்று எழுதியிருந்த வாசகருக்கு வருகிறேன். இது படத்தை உயர்த்துவதாக எண்ணிச் சொல்லப்படும் விளக்கம். எனக்கோ படத்தைக் குறைத்துவிடும் விளக்கமாகப் படுகிறது. திரைக்கதை ஆசிரியர் கிடிங்குக்கும் முதலில் இதே எண்ணம் இருந்தது. எலனார் மனநல மருத்துவமனையில் இருக்கிறாள், வீட்டில் நடப்பதெல்லாம் அவளுடைய உள்ளத்தின் சிதைவு என்று நாவலைப் படித்துவிட்டு அவர் எண்ணினார். வைஸும் அவரும் அதை ஷர்லி ஜாக்சனிடமே நேரில் கேட்டார்கள். அது நல்ல யோசனைதான், ஆனால் தம் நாவல் அமானுஷ்யத்தைப் பற்றியதுதான் என்று ஜாக்சன் தெளிவாகச் சொல்லிவிட்டார். படத்திலும் சான்றுகள் அப்படியே இருக்கின்றன. முதல் இரவின் இடியோசையைத் தியடோராவும் கேட்கிறாள். அதே நேரத்தில் மற்ற இரண்டு ஆண்களும் ஏதோ ஒரு விலங்கைத் துரத்திக்கொண்டு வெளியே போயிருக்கிறார்கள். பின்னொரு இரவில் கீழ்த்தளக் கூடத்தில் நால்வரும் ஒன்றாக இருக்கும்போது, மூடிய கதவு மூச்சு வாங்குவது போல உள்நோக்கிப் புடைத்து வருகிறது; அதை நால்வருமே பார்க்கிறார்கள். எதையும் நம்பாமல், வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்த லூக்கின் முகம் வெளிறிப்போவது அங்கேதான். (மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவை மறுபுறம் ஆள் நின்று தள்ளி எடுத்த காட்சி அது. இன்றைய கணினி வரைகலை எதைக் கொண்டு வந்தாலும் அந்த மரம் முறுகும் காட்சிக்கு ஈடாகுமா என்பது சந்தேகமே.)

ஆகவே வீட்டில் ஏதோ இருக்கிறது. எலனாரின் மனத்திலும் ஏதோ இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன என்பதுதான் கதை. தங்கள் வாசகர்கள் எழுப்பிய கேள்வி பேய் உண்டா இல்லையா என்பது. படம் எழுப்பும் கேள்வியோ, வந்த நால்வரில் அந்த வீடு ஏன் இவளை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறது என்பது. சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்ட செய்தி எலனாரின் பெயரைத் தாங்கித்தான் வருகிறது. அவள் வீடு திரும்ப உதவுங்கள் என்கிறது அது.

அவளுக்கு வீடு என்று எது இருந்தது? அக்காள் குடும்பத்தின் கூடத்தில் ஒரு சோபாவில் அவள் படுத்துறங்குகிறாள். காரின் விலையில் பாதியை அவளே கொடுத்திருந்தும், அதை எடுத்துக்கொண்டு போக அக்காள் அனுமதிப்பதில்லை. அதனால் சொல்லாமலே எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வழியில் ஒரு வாசலில் கல் சிங்கங்களைப் பார்க்கிறாள். தனக்கும் அப்படியொரு வீடு அமைய வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறாள். ஹில் ஹவுஸ் வந்து சேர்ந்த பிறகு, தியடோரா விசாரிக்கும்போது, தனக்கென்று தனி வீடு இருப்பதாகவும் அதில் கல் சிங்கங்கள் இருப்பதாகவும் கூசாமல் சொல்கிறாள். இந்தப் பொய் ஒரே ஒருமுறை வந்து போகும் சிறு செய்திதான். ஆனால் மணமாகாமல், நோயாளிப் பெற்றோரைக் கவனித்தே இளமை கழிந்து, பின்பு உடன்பிறந்தோர் வீட்டில் ஓரமாக இருந்துவரும் பெண்களை நம் குடும்பங்களில் பார்த்திருக்கும் எவருக்கும் அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவளிடம் வாழ்க்கையில் முதன்முறையாக "நீ இங்கேயே இரு" என்று சொல்வது மனிதர் யாருமல்லர், அந்தக் கோணல் வீடுதான். மற்றவர்கள் அவளைக் காப்பாற்றுவதாக எண்ணி வெளியே அனுப்புகிறார்கள்; எங்கே போவது என்று ஒருவரும் யோசிப்பதில்லை.

கதாநாயகி புலம்புகிறாள் என்ற குறையை நான் முழுமையாக மறுக்கவில்லை. எலனாரின் எண்ணங்களைப் பின்னணிக் குரலாக ஒலிக்கவிடும் உத்தி சில இடங்களில் மிகுதியாகிவிட்டது. ஜூலி ஹாரிஸின் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு, அதையே குரலும் சொல்வது எனக்கும் உறுத்தியதுண்டு. ஆனால் அந்தக் குரலின் எரிச்சலூட்டும் தன்மை தற்செயலானதன்று. யாருடனும் பேசிப் பழக வாய்ப்பில்லாதவள் தனக்குள்ளேயே பேசிக்கொள்கிறாள். மார்க்வே ஒரு முறை கனிவாகப் பேசியதும் அதைக் காதலாக வளர்த்துக்கொள்கிறாள். பிறகு அவருக்கு மனைவி இருக்கிறாள் என்று அறிந்து நொறுங்குகிறாள். அவளை நமக்கு முழுதாகப் பிடித்துப்போகும்படி ஹாரிஸ் நடிக்கவில்லை. படப்பிடிப்புக் காலத்தில் அவர் சக நடிகர்களுடன் கலவாமல் விலகியே இருந்தார். அந்த ஒதுக்கம் பாத்திரத்துக்காகவே என்று பின்னர் கிளேர் புளூமிடம் விளக்கிச் சமாதானமும் செய்துகொண்டார். திரையிலும் அவர் கூட்டத்தில் இருந்தபடியே கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். தியடோராவாக வரும் புளூமின் நடிப்பை ஒருவர்கூடக் குறிப்பிடாதது எனக்கு வியப்பளித்தது. எலனாரைப் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடும் கூர்மையும், அவள் மீது எழும் ஈர்ப்பும், அதனாலேயே வரும் குத்தல் பேச்சும் அவரிடம் எவ்வளவு இயல்பாக ஒன்றுசேர்ந்திருக்கின்றன! ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணின் மீது இருக்கும் ஈர்ப்பை இழிவான சாயல் எதுவும் பூசாமல் 1963-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் படம் உணர்த்தியது என்பதும் சிறிய செய்தியன்று.

ஆவிக்கு என்ன வேண்டும் என்று சொல்லவில்லை என்ற குறைக்கு, நம் தமிழ்ப் படங்கள் வளர்த்த பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பேய்ப் படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஒரு முன்கதை வரும். அநியாயமாகக் கொல்லப்பட்டவர் யார், கொன்றவன் யார் என்று தெரியும். பழி தீர்ந்ததும் ஆவி அடங்கும். அது ஒரு நீதிக் கதை. அதற்கென்று ஒரு நிறைவும் உண்டு. ஹில் ஹவுஸில் கணக்குத் தீர்க்க எவரும் இல்லை. அங்கே நடமாடுவது ஹியூ கிரெயினா, அபிகெயிலா, தூக்கிட்டுக்கொண்ட துணைப்பெண்ணா என்று படம் சொல்வதில்லை. மார்க்வேயின் குரலில் தொடங்கும் படம், அந்த வீட்டில் நடமாடுவது எதுவோ அது தனியாகவே நடமாடியது என்கிறது. முடிவில் ஏறக்குறைய அதே சொற்களைச் சொல்லும் குரல் எலனாருடையது. அப்போது அவள் "நாங்கள்" என்று பேசுகிறாள். அவள் ஓட்டிச் சென்ற கார் மோதும் மரம், கிரெயினின் முதல் மனைவியின் வண்டி மோதிய அதே மரம். இதைவிடத் தெளிவான விடையை எந்த முன்கதையும் தந்திருக்காது.

குறையே இல்லாத படம் என்று வாதிடுவது என் நோக்கமன்று. லூக்கின் நகைச்சுவைப் பேச்சில் பாதி அன்றைக்கே பழையதாகியிருக்கும். மார்க்வேயின் மனைவி திடீரென்று வந்து சேர்வதும், சுழற்படிக்கட்டின் உச்சியில் மேல்தளக் கதவைத் திறந்துகொண்டு அவள் முகம் தோன்றுவதும் நாற்காலியை விட்டுத் துள்ள வைக்கும் உத்திதான். அதுவரை அத்தகைய மலிவான அதிர்ச்சியைத் தவிர்த்துவந்த படம் அங்கே சற்றுச் சறுக்குகிறது. அந்த வேடத்தில் நடித்த லோயிஸ் மாக்ஸ்வெல்லை ஜேம்ஸ் பாண்ட் படங்களின் மணிபென்னியாகவே அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சியில் பயத்துக்குப் பதில் சிரிப்பு வந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அதற்குச் சற்று முன்பு எலனார் அந்தப் படிக்கட்டில் ஏறும் காட்சியும், ஆணிகள் கழன்ற இரும்புப் படிகள் ஆடும் காட்சியும், ஹம்ஃப்ரி சர்லின் இசையும் வேறு தரத்தைச் சேர்ந்தவை.

இறுதியாக, தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டிய ஒரு பிழை. அந்தப் பக்கத்தில் 'தி ஹான்டிங்' என்று குறிப்பிட்டு வெளியிட்டிருந்த மாளிகையின் வண்ணப் புகைப்படம் இந்தப் படத்தைச் சேர்ந்ததன்று. அது 1999-இல் ஜான் டி போண்ட் அதே பெயரில் எடுத்த மறு ஆக்கத்தில் வரும், லிங்கன்‌ஷயரின் ஹார்லக்ஸ்டன் மாளிகை. லியாம் நீசன், கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ், லிலி டெய்லர் ஆகியோர் நடித்த அந்தப் படத்தில் சிலைகள் உயிர் பெறுகின்றன. ஹியூ கிரெயினின் ஆவி பேருருவாக எழுந்து நிற்கிறது. வீட்டில் நடந்தது என்ன என்பதற்கு ஒரு மர்மக் கதையும் அதை அவிழ்க்க ஒரு கதாநாயகியும் தரப்பட்டிருக்கிறார்கள். பேயைக் காட்டவில்லை என்று வருந்தியவர்கள் கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது; சுமார் 8 கோடி டாலர் செலவழித்துக் காட்டினார்கள்; பலனாக அந்த ஆண்டின் மோசமான படங்களுக்கான ராஸி விருதுப் பரிந்துரைகளில் அது இடம்பிடித்தது. வாசகர் கருத்துகளில் இரண்டொன்று, குறிப்பாகச் "சிலைகள் அசைவது செயற்கையாக இருந்தது" என்று எழுதியவருடையது, அந்தப் பிற்காலப் படத்தைப் பற்றியவை என்பது படித்தவுடனே தெரிந்தது. 1963-ஆம் ஆண்டுப் படத்தில் எந்தச் சிலையும் அசைவதில்லை. மைக் ஃபிளனகன் 2018-இல் அதே நாவலின் பெயரில் எடுத்த நெட்ஃபிளிக்ஸ் தொடரும் இருப்பதால் குழப்பம் இன்னும் கூட வாய்ப்பிருக்கிறது. ஆகவே இத்தகைய பக்கங்களை வெளியிடும்போது படத்தின் பெயரோடு அது வெளிவந்த ஆண்டையும் இயக்குநரின் பெயரையும் தவறாமல் அச்சிடும்படியும், அடுத்த இதழில் புகைப்படம் பற்றிய திருத்தத்தை வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன். எட்டிங்டன் பார்க் இன்று தங்கும் விடுதியாக இயங்கிவருவதால், அதன் புகைப்படத்தைப் பெறுவது தங்களுக்குக் கடினமாக இராது.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி.